மரப்படியில் மூன்று நிமிடம்

அத்தியாயம் 9

மதுரையிலிருந்து ஓட்டி வந்த பஸ்ஸை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, ஜெபதுரை நெஞ்சு வலியில் ஸ்டியரிங்கின் மேல் சாய்ந்து அன்றைக்கு ஐம்பத்திரண்டு நாள் ஆகியிருந்தது. 1992, பிப்ரவரி மாதத்தின் கடைசி வியாழக்கிழமை.

ஜெபதுரைக்கு வயது ஐம்பத்தொன்று. இருபத்திரண்டு வருடம் அரசு பஸ் ஓட்டியவர். மதுரையில் பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு ராஜபாளையத்துக்குத் திரும்பும்போது இரண்டு காகிதங்கள் கொடுத்தனுப்பினார்கள். ஒன்றில் மாத்திரைகள். இன்னொன்றில் நடக்க வேண்டிய கணக்கு: முதல் வாரம் வீட்டுக்குள், அடுத்த வாரம் தெருமுனை வரை, மூன்றாவது வாரத்திலிருந்து காலையில் அரை மணி நேரம்.

மாத்திரைக் காகிதத்தை அவர் மனைவி ஞானரத்தினம் சமையலறைச் சுவரில் ஒட்டினாள். நடைக் காகிதத்தைப் பைபிளுக்குள் வைத்தாள். பிறகு அதை எடுக்கவே இல்லை.

அவள் தன் வழியில் அவரைக் காப்பாற்றினாள். செம்புத் தண்ணீரைக்கூட அவர் தூக்கக் கூடாது. பேப்பரில் விபத்துச் செய்தி இருந்தால் அந்தத் தாளை உருவிவிட்டுத்தான் கொடுப்பாள். பார்க்க வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி, "அவியளுக்கு முடியலை, இன்னொரு நாள் வாங்க" என்று அனுப்பினாள். ஆசாரியைக் கூப்பிட்டு குளியலறைக் கதவின் தாழ்ப்பாளையும் கழற்றச் சொன்னாள். உள்ளே விழுந்து கிடந்தால் கதவை உடைக்க வேண்டியிருக்குமே என்பது அவள் கவலை. அதற்குப் பிறகு ஜெபதுரை பாட்டுப் பாடிக்கொண்டே குளித்தார். பாட்டு நின்றால் அவள் கதவைத் தட்டுவாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் ஸுந்தரராஜன் கண்டித்துச் சொன்ன பிறகுதான் அவரைக் காலையில் நடக்க வெளியே விட்டாள். மூன்று வாரமாக ஐந்தரை மணிக்குக் கான்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு போகிறார். ஆறேகாலுக்குத் திரும்புகிறார்.

ஆனால் அவர் நடக்கவில்லை. அது அவர்களுடைய ஒரே மகள் இன்பத்துக்கு மட்டும் தெரியும். செவ்வாய்க்கிழமை தோழியை ரயிலேற்றிவிடப் போனவள், பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சில் அப்பா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். ரயில் வந்தது, போனது. அவர் எழுந்திருக்கவில்லை. அவள் அவரிடம் போகாமலே திரும்பிவிட்டாள்.

வியாழக்கிழமை காலையிலும் ஞானரத்தினம் வாசலில் நின்றாள்.

"எம்புட்டு தூரம் போனீக?"

"மில்லு கேட்டு வரைக்கும்."

"மூச்சு வாங்குச்சா?"

"இல்லை."

"நெஞ்சு?"

"ஒண்ணும் இல்லட்டி. வழிய விடு."

இன்பம் உள்ளே தலை பின்னிக்கொண்டிருந்தாள். பேண்டேஜ் துணிக் கம்பெனி ஒன்றில் அவள் டைப்பிஸ்ட். அப்பா கழற்றி வைத்த ஷூவைப் பார்த்தாள். மில் கேட்டுக்குப் போகிற மண்ரோட்டில் நடந்தால் ஷூ முழுக்கச் செம்புழுதி ஏறும். ஷூ வெள்ளையாக இருந்தது.

"மத்தியானம் டாக்டர்ட்ட நானும் வாரேன்" என்றாள். "லீவு சொல்லிட்டேன்."

"நீ எதுக்கு?" என்றார் ஜெபதுரை, கொஞ்சம் வேகமாகவே.

"சும்மாத்தான்."

இரண்டு மணி பஸ்ஸில் மூவரும் ஏறினார்கள். டிரைவர் அவரைப் பார்த்ததும் சீட்டிலிருந்து பாதி எழுந்தான். "வாங்க அண்ணாச்சி! எப்ப டியூட்டிக்கு வாரீக?"

ஜெபதுரை சிரித்து வைத்தார். ஞானரத்தினம் டிரைவரிடம் குனிந்து, "தம்பி, பள்ளத்துல தூக்கிப் போடாம மெதுவாப் போங்க" என்றாள்.

"இந்த வண்டிக்கு மெதுவாப் போக மட்டுந்தான்க்கா தெரியும்."

நாலு பேர் சிரித்தார்கள். ஜெபதுரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் டிரைவர் பிரேக் போடும்போதெல்லாம் அவருடைய வலது கால் பஸ்ஸின் தரையை அழுத்தியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்பம் அதைக் கவனித்தாள்.

டாக்டர் ஸுந்தரராஜனின் கிளினிக் மாடவீதியை ஒட்டிய ஒரு பழைய வீடு. ஈ.சி.ஜி. எடுத்தார். பிரஷர் பார்த்தார். இரண்டும் நன்றாக இருப்பதாகச் சொன்னார். பிறகு அறையின் மூலையைக் காட்டினார்.

அங்கே ஒரு மரப்படி இருந்தது. இந்தப் பக்கம் இரண்டு படி ஏறி, அந்தப் பக்கம் இரண்டு படி இறங்க வேண்டும். உடனே திரும்பி மறுபடியும் ஏற வேண்டும். தச்சரிடம் சொல்லிச் செய்த சாமான். ஒவ்வொரு படியும் ஒன்பது அங்குலம்.

"மூணு நிமிஷம். அவசரம் வேண்டாம். வலிச்சா உடனே சொல்லுங்கோ" என்றார் டாக்டர், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு.

ஜெபதுரை ஏறினார், இறங்கினார், ஏறினார். ஞானரத்தினம் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். ஒரு நிமிடம் போயிற்று. அவர் முகம் மாறத் தொடங்கியது. இரண்டாவது நிமிடம் முடிவதற்குள் மேல் படியில் நின்றுவிட்டார். ஒரு கை சுவரைப் பிடித்திருந்தது. நெற்றியெல்லாம் வியர்வை.

"ஏசுவே!" என்று ஞானரத்தினம் ஓடினாள்.

டாக்டர் அவரைப் படுக்க வைத்து மறுபடியும் எல்லாவற்றையும் பார்த்தார். ஈ.சி.ஜி. காகிதத்தை இரண்டு தடவை உருவிப் பார்த்தார்.

"வலி இருந்துதா?"

"இல்லை."

"கை கனத்துதா? தோள், தாடை?"

"இல்லை சார்."

"பின்னே ஏன் நின்னுட்டேள்?"

ஜெபதுரை சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"தெனமும் எவ்வளவு நடக்கறேள்?"

"ஒண்ணரை மைலு."

டாக்டர் காகிதத்தை மேஜைமேல் வைத்தார். "ஒன்றரை மைல் நடக்கறவருக்கு இந்தப் படி இவ்வளவு கஷ்டமா இருக்காதே."

"அப்பா நடக்கலை" என்றாள் இன்பம். குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "ஸ்டேஷன்ல உக்காந்துருக்காக. நான் பார்த்தேன்."

ஜெபதுரை கண்ணை மூடிக்கொண்டார்.

ஞானரத்தினம் முதலில் மகளைப் பார்த்தாள், பிறகு கணவரை. அவள் சண்டை போடுவாள் என்று இன்பம் எதிர்பார்த்தாள். "நடக்காம இருந்ததே நல்லதாப் போச்சு" என்றாள் ஞானரத்தினம். "ரெண்டு படிக்கே இந்தப் பாடு. நடந்திருந்தா ரோட்டுலல்லா கெடந்திருப்பாக."

டாக்டர் அவளைச் சற்று நேரம் பார்த்தார். "அம்மா, அவர் இதயம் இந்தப் படிக்குத் தாங்கும். காகிதத்துல அப்படித்தான் இருக்கு. வேற என்னமோ அவரை நிறுத்தறது. அதுக்கு நான் மருந்து எழுத முடியாது. அடுத்த ரூம்ல பத்மாசனி இருக்கா. அவளண்ட பேசுங்கோ."

பத்மாசனி மதுரையில் சமூகப்பணி படித்தவர். முப்பத்தைந்து வயதிருக்கும். மாரடைப்பு வந்தவர்களிடமும் அவர்கள் வீட்டாரிடமும் பேசுவதற்காக வியாழன்தோறும் பஸ் ஏறி வருகிறவர். அப்படி ஒரு வேலை இருப்பதே ஊரில் பலருக்குத் தெரியாது.

"மூளை கலங்குனவங்களுக்குப் பாக்கிற அம்மாவா?" என்று ஞானரத்தினம் மகளின் காதில் கேட்டாள்.

"எனக்கு அந்த வைத்தியம் தெரியாதும்மா" என்று கதவருகே குரல் வந்தது. "பேசத்தான் தெரியும். ஐயா மட்டும் மொதல்ல வரட்டும்."

அறையில் இரண்டு நாற்காலியும் ஒரு மண்பானையும் இருந்தன. பத்மாசனி நோட்டுப் புத்தகத்தை மூடியே வைத்திருந்தார்.

"படியில நிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி என்ன நடந்துச்சு?"

"நெஞ்சு படபடன்னு அடிச்சுது."

"அப்புறம்?"

ஜெபதுரை பானையைப் பார்த்தார். பிறகு, "வண்டி வந்துச்சு" என்றார்.

பத்மாசனி காத்திருந்தார்.

"அன்னைக்குக் கிருஷ்ணன்கோவில் தாண்டுனதுமே இடது தோள்ல பிடிச்சுது. வாயுன்னு நெனைச்சேன். கண்டக்டர்ட்ட சொன்னேன். ஒரு சோடா குடிச்சா சரியாப் போகும் அண்ணாச்சின்னான். வண்டில நாப்பத்தெட்டுப் பேரு. நட்ட நடுரோட்டுல நிறுத்தி எனக்கு நெஞ்சு வலிக்குன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. செத்த நேரத்துல கண்ணு இருட்டிக்கிட்டு வருது. முன்னால ஒரு வைக்கோல் வண்டி. வண்டிக்குப் பின்பக்கம் உக்காந்து ஒரு பொம்பளை, மடியில கைப்பிள்ளை. பிரேக்குல கால் இருக்கு. அமுக்கணும்னு தெரியுது. கால் கேக்க மாட்டேங்கு."

நிறுத்தினார். பத்மாசனி தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அவர் குடிக்கவில்லை.

"ஒரு சாண். ஒரு சாண் எடைவெளில ஒடிச்சுத் திருப்பிட்டேன். அந்த அம்மா பிள்ளைக்கு வேடிக்கை காட்டிக்கிட்டு இருந்துச்சு. எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. அதுக்குப் பொறவாவது நிறுத்துனேனா? இல்லை. இன்னும் ஆறு கிலோமீட்டர் ஓட்டுனேன்."

"இதை யார்ட்டயாவது சொன்னீங்களா?"

"ஸ்டாண்டுல நிறுத்துன பொறவுதான் வலி வந்துச்சுன்னு கண்டக்டர் இருளப்பசாமி டெப்போவுல எழுதிக் குடுத்துட்டான். என்னைக் காப்பாத்தத்தான் எழுதுனான். ஆஸ்பத்திரில வச்சு நானும் கையெழுத்துப் போட்டேன். எம் பொண்டாட்டிக்கும் அந்தக் கதைதான் தெரியும்." அவர் தன் மார்பைத் தொட்டார். "இப்ப நடந்தா இது வேகமா அடிக்கு. அடிச்சா அந்த வண்டி வந்துருது. மொத நாளு மில்லு ரோட்டுல பாதி தூரம் போனேன். அங்கேயே உக்காந்துட்டேன். மறுநாள்ல இருந்து ஸ்டேஷனுக்குப் போயிட்டேன்."

"கையெழுத்துப் போட்டதை என்ன செய்யணும்னு நான் சொல்ல மாட்டேன். அது நீங்க முடிவு பண்ண வேண்டியது" என்றார் பத்மாசனி. "அன்னைக்கு உங்க நெஞ்சு அடிச்சது நோயினால. இப்ப அடிக்கறது வேலை செய்யறதுனால. உங்களுக்கு ரெண்டும் ஒண்ணாத் தெரியுது. வண்டி வராம பண்ண எனக்குத் தெரியாது. வந்தாலும் நடக்க முடியுமான்னு பார்க்கலாம். வீட்டுக்காரம்மாவைக் கூப்பிடட்டுமா?"

அவர் தலையசைத்தார். "வண்டி சமாச்சாரம் மட்டும் நானே சொல்லிக்கிடுதேன்."

ஞானரத்தினம் சண்டைக்கு வந்தவள் மாதிரித்தான் வந்தாள். மறுபடியும் அவரைப் படியேறச் சொன்னால் இப்போதே கிளம்பிவிடுவதாகச் சொன்னாள்.

"அவர் ஏற வேண்டாம். நீங்க ஏறுங்க" என்றார் பத்மாசனி.

"நானா? எனக்கு என்ன சீக்கு?"

"ஒண்ணும் இல்லை. அதனாலதான்."

டாக்டர் அறையில் மறுபடியும் கடிகாரம் பார்க்கப்பட்டது. ஞானரத்தினம் செருப்பைக் கழற்றிவிட்டு, கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். முதல் நிமிடம் அலட்சியமாகப் போயிற்று. இரண்டாவது நிமிடத்தில் வாய் திறந்து மூச்சு வாங்கினாள். மூன்றாவது நிமிடத்தில் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் நிறுத்தவில்லை. முடிந்ததும் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நெஞ்சு அடிக்கு" என்றாள். "காதுக்குள்ள கேக்கு."

பத்மாசனி அவள் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினார். பிறகு டாக்டரிடம், "சார், ஐயா படியில நின்னப்போ நாடி எவ்வளவு?" என்று கேட்டார்.

"நூத்திப் பன்னெண்டு."

"அம்மாவுக்கு நூத்தி இருபத்தெட்டு."

ஞானரத்தினம் நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கு அட்டாக்கா?"

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இல்லைம்மா. படியேறினா அடிக்கத்தான் அடிக்கும். அதுதான் அதுக்கு வேலை. அவருக்கு உங்களைவிடக் குறைச்சலாத்தான் அடிச்சுது. அந்தக் குறைச்சலுக்கு மாத்திரையும் காரணம்தான். ஆனா தாங்கித்து பாருங்கோ."

அவள் தன் நெஞ்சின் மேல் கையை வைத்துப் பார்த்தாள். ஐம்பத்திரண்டு நாளாக அந்த மனிதரின் மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவள். பொழுது விடியும்வரை சுவருக்கு அந்தப் பக்கம் படுத்து, அவர் புரண்டால் எழுந்து உட்கார்ந்தவள். அவர் பக்கத்தில் படுத்தால்கூட அவருக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்து பாயை வேறு அறைக்குக் கொண்டுபோனவள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கும் பத்மாசனியிடம் தனியாக ஐந்து நிமிடம்தான் பேசினாள். என்ன கேட்டாள் என்பது இன்பத்துக்குத் தெரியாது. வெளியே வரும்போது அம்மாவின் முகம் சிவந்திருந்தது. கோபத்தில் வருகிற சிவப்பு அல்ல.

"நீங்களும் ஏறுங்க" என்று கணவரிடம் சொன்னாள். "நான் எண்ணுதேன்."

ஜெபதுரை ஏறினார். ஞானரத்தினம் வாய்விட்டு எண்ணினாள். ஒன்றரை நிமிடம் தாண்டியதும் அவர் முகம் மறுபடியும் மாறியது.

"வருது" என்றார்.

"வரட்டும். காலை நிறுத்தாதீங்க" என்றார் பத்மாசனி.

எது வருகிறது என்று ஞானரத்தினத்துக்குப் புரியவில்லை. ஆனாலும் எண்ணுவதை விடவில்லை. முப்பத்தேழு, முப்பத்தெட்டு. அவர் பற்களைக் கடித்துக்கொண்டு ஏறினார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. டாக்டர் "போதும்" என்று சொன்னபோது மூன்று நிமிடம் முடிந்து நாலு விநாடி ஆகியிருந்தது.

டாக்டர் புதிதாக எழுதிக் கொடுத்தார். காலையில் கால் மணி நேரம், சாயங்காலம் கால் மணி நேரம். வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்ட வேண்டும். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். பேச முடியாவிட்டால் குறைக்க வேண்டும். வலி வந்தால் நின்று நாக்குக்கு அடியில் மாத்திரை.

"பஸ் ஓட்டலாமா சார்?" என்று ஜெபதுரை கேட்டார்.

"அதை மெடிக்கல் போர்டு சொல்லணும். என்னைக் கேட்டா, பயணிகளை ஏத்திண்டு ஓட்டறது வேண்டாம்னுதான் சொல்வேன். நடக்கலாம், வேலை பார்க்கலாம், நூறு வயசு இருக்கலாம். ஸ்டியரிங் மட்டும் வேண்டாம்."

மார்ச் பதினாறாம் தேதி போர்டு முன்னால் ஆஜராகச் சொல்லி வந்த கடிதம் ஜெபதுரையின் சட்டைப் பையில் நான்காக மடிந்து கிடந்தது.

திரும்பும்போது அவர்தான் சொன்னார், ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கிவிடலாம் என்று. இன்பத்தை வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைக்கச் சொல்லிவிட்டு, கணவனும் மனைவியும் இறங்கினார்கள். வெயில் தணிந்திருந்தது. மேற்கே மலையின் மேல் மேகம் தங்கியிருந்தது. இருவரும் சேர்ந்து ரோட்டில் நடந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. டிரைவர் வேலையில் அவருக்குச் சாயங்காலம் என்ற ஒன்று இருந்ததில்லை.

நூறு அடி நடந்ததும் ஜெபதுரை சொல்ல ஆரம்பித்தார். பத்மாசனியிடம் சொன்னதையெல்லாம் சொன்னார். வைக்கோல் வண்டி வந்த இடத்தில் ஞானரத்தினம் நின்றுவிட்டாள்.

"கைப்பிள்ளையா?"

"ஆமா."

"அதுக்குப் பொறவும் ஓட்டிக்கிட்டு வந்தீகளா?"

"ஆமா."

"இருளப்பசாமி எழுதிக் குடுத்தது?"

"பொய்யி."

ஒரு லாரி போனது. புழுதி அடங்கும்வரை அவள் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த இருபது காலைகளும் அப்போதுதான் அவளுக்குப் புரிந்தன. தான் உருவிய பேப்பர் தாள்களும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"போர்டுல என்ன சொல்லப் போறீக?"

"உள்ளதைச் சொல்லிரலாம்னு இருக்கேன்."

"சொன்னா?"

"எனக்கு எப்படியும் ஸ்டியரிங் இல்லை. ஆபீஸ்ல ஒரு மேஜை குடுப்பாக, இல்லைன்னா வீட்டுக்கு அனுப்புவாக. இருளப்பசாமிக்குத்தான் மெமோ வரும். வேலையே போனாலும் போகும். அவனுக்கு ரெண்டு பொட்டப்பிள்ளைக."

ஞானரத்தினம் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "நடங்க" என்றாள். "நின்னா கால் பிடிச்சுக்கிடும்."

தெருவுக்குள் திரும்பும்போது அவர்கள் வீட்டு வாசலில் ஒரு சைக்கிள் நின்றிருந்தது. காக்கிப் பேண்ட்டும் வெள்ளைச் சட்டையுமாக இருளப்பசாமி படியிலிருந்து எழுந்தான். நாற்பது வயது, எப்போதும் சிரித்த முகம். கையில் திராட்சைப் பொட்டலம்.

"என்ன அண்ணாச்சி, நடந்தே வந்துட்டீக! பார்க்கவே சந்தோசமா இருக்கு" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "பதினாறாந் தேதி என்னையும் வரச் சொல்லிருக்காக. ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லணும்லா? அதான், ஒரு வார்த்தை பேசி வச்சுக்கிடுவோம்னு வந்தேன்."

ஜன்னலருகே நின்றிருந்த இன்பம், அம்மா இப்போது அவனையும் திருப்பி அனுப்பிவிடுவாள் என்று நினைத்தாள். ஞானரத்தினம் திராட்சைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். கணவரின் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு உள்ளே போனாள்.

"இன்னும் அஞ்சு நிமிசம் பாக்கி இருக்கு" என்றார் ஜெபதுரை. "வா, நடந்துக்கிட்டே பேசுவோம்."

"நடக்கவா? அண்ணாச்சி, ஒங்களுக்கு ஏதாச்சும்..."

"எனக்கு ஒண்ணும் ஆகாது. ஒனக்குத்தான் எப்படி இருக்குமோன்னு பயமா இருக்கு."

இருளப்பசாமி அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டு சிரித்தான். இருவரும் தெருவில் இறங்கினார்கள். அப்பா ஏதோ சொல்வதும், இருளப்பசாமி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்பதும் ஜன்னலிலிருந்து தெரிந்தது. வார்த்தைகள் கேட்கவில்லை.

தெருமுனைக்குப் பத்தடி இருக்கும்போது இருளப்பசாமி நின்றுவிட்டான். கைகள் இரண்டும் தொங்கிப் போயின.

ஜெபதுரை நிற்கவில்லை.